ஐம்பது அடிக்குள்

மழைத் தண்ணீர் அரித்துக்கொண்டே வரும் பள்ளம் வீட்டிலிருந்து அறுபத்திரண்டு அடி தள்ளி நின்றது. மார்லிஸ் ஜெஸ்ஸனுக்குத் தூக்கம் போனது அதனால்தான். பள்ளம் கிட்டே வந்துவிடுமோ என்பது பழைய பயம். அது பல வருஷமாக அவளோடு படுத்து அவளோடு எழுந்துகொள்கிறது. இப்போது வந்திருப்பது வேறு பயம்: வருகிற புதன்கிழமைக்குள் பள்ளம் கிட்டே வராமல் போய்விடுமோ என்பது.

மண் வாரியத்தின் விதி அப்படி. மேற்கு அயோவாவின் அந்தக் குன்றுகளில் பள்ளம் விழாத பண்ணை கிடையாது. பள்ளத்தை நிறுத்த வேண்டுமானால் அதன் கீழ்ப்பக்கத்தில் ஒரு மண் அணை கட்டவேண்டும். கட்டுகிற செலவில் முக்கால் பங்கு வாரியத்தினுடையது, கால் பங்கு நிலத்துக்காரருடையது. முழுச் செலவையும் தாங்களே செய்வது என்றால், மார்லிஸும் அவள் புருஷன் வெர்லினும் நிலத்தை விற்றுத்தான் நிலத்தைக் காப்பாற்றவேண்டும். வாரியத்திடமோ வருஷத்துக்கு இரண்டு அணைக்கு மேல் பணம் கிடையாது. கேட்பவர்கள் ஊர் முழுக்க. ஆகவே வரிசை. பள்ளத்தின் விளிம்பு ஐம்பது அடிக்குள் வந்துவிட்ட, ஆள் குடியிருக்கிற வீடு என்றால் வரிசையில் முதலிடம். அதற்கு ஓரடி கூடினாலும் அது வெறும் வயல் அரிப்பு, வரிசையின் வால்.

"இந்த வருஷமும் வால்தானா, கர்ட்டிஸ்?" என்று மார்லிஸ் மே மாதமே கேட்டாள்.

கர்ட்டிஸ் வாரியத்தின் அளவைக்காரன். அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டே தரையைப் பார்த்துச் சொன்னான். "வாக்கெடுப்புக்கு முதல்நாள் மறுபடி அளப்பேம்மா. அன்னிக்கு என்ன இருக்கோ அதுதான் கணக்கு. ஆனா ஒண்ணு, அடுத்த வருஷத்த நம்பாதீங்க. இந்தத் திட்டத்தையே நிறுத்தப்போறதா பேசிக்கிறாங்க."

"அப்ப நாங்க என்ன பண்றது? பள்ளத்துக்குப் பத்திரிகை வச்சு அழைக்கணுமா?"

"ஏற்கனவே அது கூப்பிடாமத்தான வருது," என்றான் வெர்லின்.

அந்தக் குன்றுகளின் மண் ஒரு காலத்தில் காற்று அடித்துவந்து குவித்த மண். ஊரில் அதற்குச் சர்க்கரை மண் என்று பேர். காய்ந்திருக்கும்போது சுவர் மாதிரி செங்குத்தாக நிற்கும். கத்தியால் பெயர் செதுக்கினால் பத்து வருஷம் அழியாது. நனைந்துவிட்டால் காபியில் போட்ட சர்க்கரைக்கட்டி. மேட்டிலிருந்து ஓடிவரும் தண்ணீர் பள்ளத்தின் விளிம்பிலிருந்து கீழே குதிக்கிறது. குதித்த இடத்தில் சுழன்று, சுவரின் காலைக் கரைக்கிறது. கால் போன சுவர் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நிற்கும். பிறகு ஒரு பாளம், கதவு அளவு சிலசமயம், களஞ்சியம் அளவு சிலசமயம், அப்படியே உட்கார்ந்துவிடும். விளிம்பு ஒரு எட்டுப் பின்னால் போகும். தண்ணீர் மறுபடி புது விளிம்பிலிருந்து குதிக்கும். தண்ணீர் கீழே இறங்க இறங்க, பள்ளம் மேலே ஏறும். ஜெஸ்ஸன் வீடு மேலேதான் இருந்தது.

வெர்லினின் அப்பா விவரமான மனிதர். வீட்டுக்கு மேற்புறம் குன்றின் குறுக்கே நீளமாக ஒரு வரப்பு போட்டு வைத்திருந்தார். மலையிலிருந்து வரும் தண்ணீரில் பெரும்பங்கை அந்த வரப்பு மடக்கி, கிழக்கே புல்வெளிக்குத் தள்ளிவிடும். புல்லில் தண்ணீர் பரவிப் படுத்துவிடும். அங்கே அதற்குப் பல் கிடையாது. வரப்புக்குத் தப்பியது மட்டுமே பள்ளத்துக்குப் போகும். அந்த வரப்பால்தான் வீடு இதுவரை நின்றது. அந்த வரப்பால்தான் பள்ளம் அறுபத்திரண்டு அடியில் நின்றது.

இந்த இரண்டாவது வாக்கியம் மார்லிஸின் மண்டைக்குள் எப்போது நுழைந்தது என்று அவளுக்கே தெரியாது. அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடச் சமையலறையில் கோடை விடுமுறை விட்டிருந்தார்கள். கை சும்மா இருந்தால் மண்டை சும்மா இருப்பதில்லை. திங்கட்கிழமை நல்ல மழை இருக்கிறது என்று வானொலி சொன்னது. ஒரு நல்ல மழைக்கு ஒரு பாளம் விழும். கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் போனால் இரண்டு விழும். பன்னிரண்டு அடிதானே வேண்டும்? பதின்மூன்று போதும். அதற்குமேல் ஒரு அடி வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலிருந்து வந்து, வறுத்த கோழியும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டு, வெர்லின் சாய்வு நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போனான். மார்லிஸ் கொட்டகைக்குப் போய் மண்வெட்டியை எடுத்தாள். அது கழுவித் துடைத்து ஆணியில் மாட்டியிருந்தது. கல்யாணமான நாள் முதல் வெர்லின் ஒரு கருவியைக் கழுவி அவள் பார்த்ததில்லை. வயசானால் மனுஷனுக்கு நல்ல புத்தி வரும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

வரப்பு பள்ளத்துக்கு நேர்மேலே வரும் இடத்தில், மண்வெட்டி அகலத்துக்கு இரண்டு மடங்காக ஒரு வாய் திறந்தாள். புல்லோடு மண்ணைப் பெயர்த்துப் பக்கத்தில் பத்திரமாக அடுக்கிவைத்தாள், பிறகு மூடுவதற்கு. வேலை ஐந்து நிமிஷம்கூட இல்லை. இவ்வளவு சுலபமாக இருக்கக்கூடாது என்று தோன்றியது. ஆனாலும் மண்வெட்டியைக் கழுவி மாட்டினாள், எடுக்கும்போது கழுவித்தானே இருந்தது.

திங்கட்கிழமை மதியம் மழை வந்தது. சமையலறை ஜன்னலில் மார்லிஸ் நின்றாள். பக்கத்து ஜன்னலில் வெர்லின் நின்றான். மழை வந்தால் வானத்தைத் திட்டுவது அவன் வழக்கம். அன்று வாயே திறக்கவில்லை.

முதல் பாளம் விழுந்தபோது தட்டு அலமாரியில் கிண்ணங்கள் மெல்லக் கிணுகிணுத்தன. மார்லிஸின் நெஞ்சில் ஒரு சந்தோஷம் எழும்பியது. தன் வீட்டுப் பக்கம் மண் சரிவதைக் கேட்டுச் சந்தோஷப்படுகிற பெண் உலகத்தில் தான் ஒருத்திதான் என்று வெட்கமாகவும் இருந்தது.

"விழுந்துடுச்சு போல," என்றாள்.

"ம்," என்றான் வெர்லின். அவன் குரலில் பயத்தைக் காணோம்.

இரண்டாவது பாளம் விழுந்தது. போதும் என்று மனசுக்குள் சொன்னாள். மழைக்கு அது கேட்கவில்லை. கூரையில் விழுந்த சத்தம் சரளைக் கல்லைக் கொட்டுவது போல மாறியது. மூன்றாவது பாளத்தோடு துணி காயப்போடும் கம்பம் போனது. கம்பி கொஞ்ச நேரம் விறைத்து நின்று, அறுந்து, சாட்டை மாதிரி வந்து ஜன்னலில் அடித்தது. பிறகு லைலாக் செடி, வேரோடு, நின்ற வாக்கிலேயே கீழே இறங்கிப்போனது.

மார்லிஸ் மழைச்சட்டையை எடுத்தாள். "கன்னுக்குட்டிங்களப் பாத்துட்டு வந்துடறேன்."

"இரு, நானும் வர்றேன்." வெர்லின் ஏற்கனவே பூட்ஸில் காலை விட்டுக்கொண்டிருந்தான்.

"நீ எதுக்கு? முட்டியில வலின்னு காலைலதான அழுத."

"கன்னுக்குட்டிங்க என்னுதும்தான்."

வெளியே வந்ததும் இரண்டு பேரும் கன்றுகள் இருந்த பக்கம் திரும்பவே இல்லை. மார்லிஸ் மண்வெட்டியோடு குன்றில் ஏறினாள். வெர்லின் களஞ்சியத்திலிருந்து இன்னொரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்னால் ஏறினான். எதற்கு என்று அவள் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை. அவள் திறந்த வாய் இப்போது ஒரு மாடு நுழையும் அளவுக்கு இருந்தது. பழுப்புத் தண்ணீர் தொடை கனத்துக்கு முறுக்கிக்கொண்டு அதன் வழியே பாய்ந்தது. பத்திரமாக அடுக்கிவைத்த புல்கட்டிகளில் ஒன்றைக்கூடக் காணோம்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். இப்போது அவன் கேட்பான். என்ன சொல்வது? ஆனால் வெர்லின் அந்த வாயை ஒருமுறை பார்த்துவிட்டு, நிற்காமல் கிழக்கே நடந்தான். கொஞ்ச தூரம் போய் அங்கே நின்றான். அங்கேயும் வரப்பில் ஒரு வாய் இருந்தது. அங்கேயும் தண்ணீர் பாய்ந்து, சரிவில் வளைந்து, அவளுடைய தண்ணீரோடு சேர்ந்து பள்ளத்துக்குப் போனது.

மழையில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"எப்ப?" என்று கத்தினாள் மார்லிஸ்.

"சனிக்கிழம! நீ?"

"நேத்து!"

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"நீ சொன்னியாடா, பாவி மனுஷா?"

"கொஞ்சூண்டுதான் வெட்டினேன், மார்லிஸ்! கணக்குப் பண்ணித்தான் வெட்டினேன்!"

"நானும் கணக்குப் பண்ணித்தான் வெட்டினேன்!"

இரண்டு கணக்கும் சரிதான். தனித்தனியே பார்த்தால் இரண்டிலும் பிழை இல்லை. ஆனால் ஓடுகிற தண்ணீரைக் கூட்டிக் கணக்குப் பார்க்க முடியாது. இரண்டு மடங்கு தண்ணீர் சேர்ந்தால் வேகமும் கூடும், ஆழமும் கூடும். இரண்டு மடங்கு மண்ணோடு அது நிறுத்திக்கொள்ளாது, நாலைந்து மடங்கைப் பெயர்க்கும். அந்தக் குன்றுகளில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம். அவர்களுக்கும் தெரியும்.

வெர்லின் டிராக்டரைக் கொண்டுவந்தான். முன்னால் நீட்டிக்கொண்டிருந்த இரும்புக் குத்தூசியில் ஒரு பெரிய வைக்கோல் உருளை. அதைத் தான் வெட்டிய வாயில் இறக்கி அழுத்தினான். நனைந்த வைக்கோல் ஊதிக்கொண்டு ஓட்டையை அடைத்தது. மார்லிஸ் வெட்டிய வாய் அதற்குள் இன்னும் அகன்றுவிட்டது. முதல் உருளையைத் தண்ணீர் பந்து மாதிரி உருட்டிக்கொண்டு போய்ப் பள்ளத்துக்குள் போட்டது. இரண்டாவதும் போனது. மூன்றாவதை வைத்து வெர்லின் டிராக்டரையே அதற்குப் பின்னால் நிறுத்தி, பிரேக்கில் காலை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்தான். மார்லிஸ் முழங்கால் சேற்றில் நின்று உருளையின் பக்கங்களில் மண்ணை அள்ளி அடைத்தாள். பின்சக்கரங்கள் மெல்ல மெல்லச் சறுக்கின.

"இறங்குடா! போனா போவுது, இறங்கு!"

"வாயப் பொத்திக்கிட்டு மண்ணப் போடு!"

மழை விட்டது. அவர்கள் அடைத்ததால் தண்ணீர் நின்றதா, மழை விட்டதால் நின்றதா என்று சொல்ல முடியாது. கீழே இறங்கி வந்து பார்த்தபோது விளிம்பு வீட்டுக்கு வந்துவிட்டிருந்தது. வீட்டுக்குப் பக்கத்தில் இல்லை; வீட்டுக்கு. சமையலறையின் வடக்கு மூலையில் அஸ்திவாரக் கற்கள் வரிசையாகத் தெரிந்தன. அவற்றுக்குக் கீழே வெறும் காற்று.

கர்ட்டிஸ் புதன்கிழமை வந்தான். அளவு நாடாவைப் பையிலிருந்து எடுத்தான், பார்த்தான், மறுபடி பையில் போட்டுக்கொண்டான்.

"அம்மா," என்றான், "ராத்திரி எங்க தூங்கினீங்க?"

"முன் அறையில. சமையல்கட்டுல சமைக்க மட்டும் போறேன். ஏன், பள்ளியறைக் கணக்கும் எடுக்கிறியா?"

"உங்க அண்ணன் வீட்டுக்குப் போகலாம்னு ஏதாச்சும் யோசனை இருக்கா?"

"இன்னிக்கு சாயங்காலம் போறோம். அவரு வண்டி கொண்டுவர்றாரு."

கர்ட்டிஸ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "நான் இப்ப சொல்றத நான் சொல்லல. ஆள் குடியிருக்கிற வீடுன்னுதான் விதியில இருக்கு. காலி பண்ணிட்டா அது வீடு இல்ல, கட்டடம். கட்டடத்துக்கு முதலிடம் கிடையாது. நாளைக்கு ராத்திரி வாக்கெடுப்பு. அதுவரைக்கும்..." சமையலறை மூலையைப் பார்த்தான். "நான்னா என் பொண்டாட்டிய இதுக்குள்ள ஒரு நிமிஷம் விடமாட்டேன். அதையும் நான்தான் சொல்றேன்."

அவன் போனபிறகு வெர்லின் படியில் உட்கார்ந்தான். "நீ அண்ணன் வீட்டுக்குப் போ. நான் இருக்கேன். ஒரு ஆள் இருந்தாலும் குடியிருக்கிறதுதான்."

"உனக்கு ஒரு முட்டை பொரிக்கத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்புறம் எப்படிக் குடியிருப்ப?"

அவள் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். வெண்ணெய் சட்டியில் உருகி, வடக்குப் பக்கமாக ஓடிப்போய் ஓரத்தில் நின்றது. கையில் இருந்த முட்டையை மேஜையில் வைத்தாள். அது யோசித்து, பிறகு உருளத் தொடங்கியது. விளிம்பில் பிடித்தாள். அன்று இரவு முழுக்க இரண்டு பேரும் முன் அறையில் உடுத்த உடையோடு, பூட்ஸோடு படுத்திருந்தார்கள். சுவருக்குப் பின்னால் எப்போதாவது ஒரு பிடி மண் உதிரும் சத்தம் கேட்கும். கேட்டதும் வெர்லின் அவள் கையைப் பிடிப்பான். அவ்வளவுதான். யார் மேல் தப்பு என்று பேச்சு வரவில்லை. ஆளுக்குப் பாதி சரியாக இருந்தது.

வியாழக்கிழமை காலை வாரியத்துக்காரர்கள் ஐந்து பேரும் இடத்தைப் பார்க்க வந்தார்கள். எல்லாரும் ஊரில் வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்த விவசாயிகள்தான். அதில் ஒருவன் கெய்லார்ட் கோல், கீழ்ப்பண்ணைக்காரன். குன்றிலிருந்து போகிற மண்ணெல்லாம் அவன் வயலில்தான் போய்ப் படுக்கும். அதற்காக வெர்லினோடு அவனுக்குப் பேச்சுவார்த்தை என்றால், பாதி திட்டும் பாதி கிண்டலும்தான்.

மார்லிஸ் அவர்களைச் சமையலறையில் உட்காரவைத்துக் காபியும் ருபார்ப் கேக்கும் வைத்தாள். குடியிருக்கிற வீடு என்றால் குடியிருக்கிற வீடு மாதிரி இருக்கவேண்டும். யாரும் வடக்குப் பக்க நாற்காலிகளில் உட்காரவில்லை. கோல் கோப்பையை மேஜையில் வைத்தான். அது ஒரு விரல்கடை நகர்ந்தது. எல்லாரும் அதையே பார்த்தார்கள்.

"கேக் நல்லாருக்கு, மார்லிஸ்," என்றான் கோல். "இன்னொண்ணு எடுத்துக்கலாம்னா எடை கூடி வீடு சாஞ்சுடுமோன்னு பயமா இருக்கு."

பிறகு அவன் தனியாக வரப்புப் பக்கம் போனான். மார்லிஸ் ஜன்னலில் இருந்து பார்த்தாள். கிழக்கு வாயின் அருகே குனிந்தான். அங்கே வைக்கோல் உருளை சீக்கிரமே அடைத்துவிட்டதால், வெட்டிய பக்கம் அரிக்காமல் அப்படியே இருந்தது. தண்ணீர் வெட்டினால் ஓரம் வட்டமாக, கிழிந்து இருக்கும். மண்வெட்டி வெட்டினால் நேராக இருக்கும். மண்ணில் பிழைப்பவனுக்கு அது கையெழுத்து மாதிரி.

கோல் திரும்பி வந்தான். முற்றத்தில் கர்ட்டிஸ் குறிப்பெழுதிக்கொண்டு நின்றான், பக்கத்தில் வெர்லின்.

"வரப்பு எப்படி உடைஞ்சுதாம்?" என்று கோல் கேட்டான்.

வெர்லின் பூட்ஸில் ஒட்டிய சேற்றைப் புல்லில் தேய்த்தான்.

"வளை எலிதான்," என்று கோல் தானே சொன்னான். "இந்த வருஷம் ரொம்ப ஜாஸ்தி. எழுதிக்கோ கர்ட்டிஸ், எலி வளைன்னு." பிறகு வெர்லின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினான். "நல்ல படிச்ச எலி. கோடு புடிச்சு வெட்டியிருக்கு. இன்னொரு தடவ பாத்தேன், அந்த எலிக்கும் அதோட பொண்டாட்டிக்கும் நானே பொறி வப்பேன். உன் மலை வந்து என் சோயாமேல படுத்திருக்கு, போய்ப் பாரு. வாடகையும் தரமாட்டேங்குது."

அவன் எப்படி வாக்களிப்பான் என்பதை அந்தப் பேச்சிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

சாயங்காலம் இரண்டு பேரும் சமையலறையில் தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அது வடக்குச் சுவரில்தான் மாட்டியிருந்தது. கம்பி அதற்குமேல் நீளாது. வானம் தெளிவாக இருந்தது. மழையில்லாத நாளிலும் மண் விழும்; காயும்போது சுருங்கி வெடிப்பு விடும். தரைப்பலகைக்கு அடியில் எங்கேயோ கட்டை ஒன்று முனகியது.

மணி அடித்தது. மார்லிஸ் எடுத்தாள்.

"மூணுக்கு ரெண்டும்மா," என்றான் கர்ட்டிஸ். மூச்சு வாங்கியது, கூட்டம் முடியுமுன்பே வெளியே ஓடிவந்திருக்கவேண்டும். "மூணாவது கை கெய்லார்டோடது. கடைசியிலதான் தூக்கினாரு. கையெழுத்தும் ஆயிடுச்சு. அணை உங்களுக்குத்தான்."

"எப்பக் கட்டுவீங்க?"

"ஈர மண்ணுல அணை நிக்காதும்மா. காயணும். ஆகஸ்ட் கடைசி. செப்டம்பர்."

அவள் தொலைபேசியை மாட்டினாள். வெர்லின் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் தலையாட்டினாள். அவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் குலுங்கினான். பிறகு எழுந்து அடுப்பை அணைத்தான்.

"வா," என்றான். "இப்ப நாம போலாம்."

ஜூலையில், காற்றுகூட இல்லாத ஒரு மத்தியானம், சமையலறை போனது. அடுத்த வாரம் முன் அறையும், அதோடு கூரையும். அணை செப்டம்பரில் எழும்பியது, கர்ட்டிஸ் சொன்ன மாதிரியே. பள்ளத்தின் குறுக்கே மண் கரை; கரைக்கு உள்பக்கம் நிமிர்ந்து நிற்கும் ஒரு இரும்புக் குழாய். தண்ணீர் குழாயின் வாய் மட்டத்துக்கு ஏறி, அதற்குமேல் வந்தது மட்டும் குழாய்க்குள் இறங்கி, அமைதியாகக் கரைக்கு அந்தப்பக்கம் போகும். குட்டை நிறைய நிறைய, பள்ளத்துச் சுவரின் கால் தண்ணீருக்குள் போய்விடும். குதித்து விழ உயரமில்லாத தண்ணீரால் எதையும் கரைக்க முடியாது. முதல் மழைக்கு ஒரு பிடி மண்கூட விழவில்லை. அழகான வேலை. வெர்லின் கரைமேல் நின்று அரைமணி நேரம் பார்த்தான்.

முடிந்த வேலையைப் படமெடுக்கக் கர்ட்டிஸ் வந்தான். முன்பு படமெடுத்த அதே இடத்தில் நின்று எடுக்கவேண்டுமாம். கருவியில் கண்ணை வைத்தவன், தாழ்த்திக்கொண்டான். பழைய படத்தில் வீடு இருந்த இடத்தில் வானம் இருந்தது.

"படத்துல வீட்டக் காணோமேன்னு மேல கேப்பாங்க," என்றான்.

மார்லிஸ் குட்டையைக் கையால் காட்டினாள். பழுப்புத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. அதன் ஒரு ஓரத்தில் மட்டும் கூரை முகடு, ஒரு விரல் அகலத்துக்குத் தெரிந்தது.

"ஐம்பது அடிக்குள்ளதான் இருக்குன்னு சொல்லு," என்றாள்.